டர்போ சி-யை விட்டு ஜிசிசிக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கல்லூரி முதலாண்டில் சி படிக்கிற பலருக்கு லேப்பில் முதலில் அறிமுகமாவது டர்போ சி++ மென்பொருளின் நீலத் திரைதான். வீட்டுக்கு வந்ததும் அதே திரையைத் தன் மடிக்கணினியிலும் கொண்டுவரப் பாடுபடுகிறார்கள். அந்தப் பாடு தேவையில்லை. எழுதிய புரோகிராமைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்தான் கம்பைலர். இலவசமாக, முறையாகக் கிடைக்கும் ஜிசிசி போன்ற கட்டற்ற கம்பைலர்களில் அதே பாடத்தை இன்னும் நன்றாகப் படிக்கலாம். அப்படி மாறும்போது வழக்கமாக எழும் கேள்விகளும் பதில்களும் இங்கே.

டர்போ சி நன்றாகத்தானே ஓடுகிறது? எதற்கு மாற வேண்டும்?

ஓடுகிறது என்பது பாதி உண்மை. அது டாஸ் என்ற பழைய இயங்குதளத்தின் காலத்து 16 பிட் மென்பொருள். 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. அதனால்தான் டாஸ்பாக்ஸ் என்ற போலிச் சூழலுக்குள் வைத்து ஓட்டுகிறார்கள். லேப்களில் பெரும்பாலும் இருக்கும் டர்போ சி++ 3.0 பதிப்பு 1990களின் தொடக்கத்தில் வந்தது. சி++ மொழிக்கு முதல் சர்வதேசத் தரநிலை வந்ததோ 1998-ல். அதாவது, மொழியின் இலக்கணம் உறுதியாவதற்கு முன்பே செய்து முடித்த கருவி அது. இன்று எந்த நிறுவனத்திலும் யாரும் எழுதாத ஒரு சி++-ஐத்தான் அது சொல்லித்தருகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. போர்லாண்ட் நிறுவனத்தின் டர்போ சி முதலில் வெளியானது 1987-ல். ரிச்சர்ட் ஸ்டால்மன் ஜிஎன்யூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்காக எழுதிய ஜிசிசி கம்பைலரும் முதலில் வெளியானது அதே 1987-ல்தான். ஒன்று அப்படியே நின்றுவிட்டது. மற்றொன்றுக்கு இன்றும் ஆண்டுதோறும் புதிய பதிப்பு வருகிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலே வழக்கமாக அதைக் கொண்டுதான் கம்பைல் ஆகிறது.

சரி, எதை இன்ஸ்டால் செய்வது?

விண்டோஸ் என்றால், முதலாண்டு மாணவருக்கு என் பரிந்துரை கோட்பிளாக்ஸ். அதன் தளத்தில் ஒரே பதிப்புக்குப் பல கோப்புகள் இருக்கும். பெயரில் 'மின்ஜிடபிள்யூ' என்று வருவதை எடுங்கள். அதில்தான் ஜிசிசி கம்பைலரும் சேர்ந்து வரும். மற்றதை எடுத்தால் எழுதும் இடம் மட்டும் வரும், கம்பைலர் வராது. "இன்ஸ்டால் பண்ணிட்டேன், ரன் ஆகலை" என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவை இந்தக் கோப்புக் குழப்பம்தான். உள்ளே இருக்கும் ஜிசிசி சற்றுப் பழையதாக இருக்கலாம். முதலாண்டுக்கு அது போதும். புதியதே வேண்டும் என்றால், விண்டோஸுக்கு ஜிசிசி தரும் எம்சிஸ்2 என்ற தொகுப்பு வழியாகப் போடலாம்.

டெவ் சி++ தெரிந்திருந்தால் அதையே தொடரலாம். தமிழ்நாட்டுப் பிளஸ் 1 கணினி அறிவியல் பாடநூலே அதைத்தான் காட்டுகிறது. அதற்குள்ளும் இருப்பது ஜிசிசிதான். பல ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்ததை 2020-ல் எம்பார்கடேரோ நிறுவனம் கையில் எடுத்துப் புதுப்பித்தது.

உபுண்டு, டெபியன் வகை லினக்ஸ் என்றால் 'பில்டு-எசென்ஷியல்' என்ற ஒரே தொகுப்பைப் போடுங்கள். சி, சி++ இரண்டுக்கும் கம்பைலர் வந்துவிடும். பிழை தேடும் ஜிடிபி தனித் தொகுப்பு, அதையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். மேக் கணினியில் ஆப்பிளின் கட்டளைவரிக் கருவிகளைப் போட்டால் கம்பைலர் கிடைக்கும். அங்கே ஜிசிசி என்று தட்டினாலும் உண்மையில் ஓடுவது கிளாங். அதுவும் திறமூலக் கம்பைலர்தான், கற்பதற்கு எந்தக் குறையும் இல்லை.

விஎஸ் கோட் போட்டேன். 'ஜிசிசி இஸ் நாட் ரெகக்னைஸ்டு' என்று வருகிறதே?

விஎஸ் கோட் ஒரு எடிட்டர். புரோகிராமை எழுத உதவும், கம்பைல் செய்யாது. அதற்கான சி++ எக்ஸ்டென்ஷனைப் போட்டாலும் கம்பைலர் வராது. முதலில் ஜிசிசி தனியாக வேண்டும். அப்புறம், ஜிசிசி எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று விண்டோஸுக்குத் தெரிய வேண்டும். அதற்கு எம்சிஸ்2 அல்லது மின்ஜிடபிள்யூ ஃபோல்டருக்குள் இருக்கும் 'பின்' என்ற உள்ஃபோல்டரின் முழு முகவரியை, சிஸ்டம் அமைப்புகளில் உள்ள 'பாத்' மாறியில் சேர்க்க வேண்டும். சேர்த்தபின் ஏற்கெனவே திறந்திருக்கும் கமாண்ட் விண்டோவையும் விஎஸ் கோடையும் மூடிவிட்டுத் திறங்கள். பழைய விண்டோவுக்குப் புதிய பாத் தெரியாது. பலர் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு இந்த இடத்தில் மாட்டிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து இன்ஸ்டால் செய்கிறார்கள்.

விஎஸ் கோட் நல்ல கருவிதான். ஆனால் முதல் வாரத்திலேயே அதன் அமைப்புக் கோப்புகளோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்பது என் எண்ணம். கோட்பிளாக்ஸில் தொடங்கி, இரண்டாம் செமஸ்டரில் மாறலாம்.

லேப்பில் ஓடிய புரோகிராம் ஜிசிசியில் எரர் மேல் எரர் தருகிறது. ஏன்?

தவறு பெரும்பாலும் உங்கள் லாஜிக்கில் இருக்காது, டர்போ பழக்கங்களில் இருக்கும். வழக்கமான சிலவற்றைப் பார்ப்போம்.

சி++ புரோகிராமில் ஐஓஸ்ட்ரீம் என்ற ஹெடரின் பெயருக்குப் பின்னால் புள்ளியும் ஹெச் எழுத்தும் போட்டிருப்பீர்கள். 1998 தரநிலையில் அந்த வால் போய்விட்டது. வாலை எடுத்துவிட்டு, 'யூஸிங் நேம்ஸ்பேஸ் எஸ்டிடி' என்ற வரியைச் சேர்த்தால் சிஅவுட், சிஇன் எல்லாம் வேலை செய்யும்.

மெயின் ஃபங்ஷனுக்கு முன்னால் 'வாய்டு' போடுவது அடுத்தது. சி++-ல் ஜிசிசி இதை நேரடியாகவே மறுத்துவிடும். 'இன்ட்' என்று மாற்றுங்கள்.

'கெட்ஸ்' ஃபங்ஷன் மூன்றாவது. பயனர் எவ்வளவு நீளமாகத் தட்டினாலும் அது வாங்கிக்கொண்டே போகும், உங்கள் அரே எவ்வளவு பெரியது என்று அதற்குத் தெரியாது. இந்த ஆபத்தினால் 2011-ஆம் ஆண்டின் சி தரநிலையிலிருந்தே அதை நீக்கிவிட்டார்கள். 'எஃப்கெட்ஸ்' பயன்படுத்துங்கள், அதில் அளவையும் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, ஹெடரைச் சேர்க்காமலே ஃபங்ஷனை அழைப்பது. முன்பெல்லாம் ஜிசிசி இதற்கு எச்சரிக்கை மட்டும் தந்து விட்டுவிடும். 2024-ல் வந்த ஜிசிசி 14 முதல் இதை எரராகவே காட்டுகிறது. நெட்டில் கிடைக்கும் பழைய புரோகிராம்கள் புதிய கம்பைலரில் திடீரென்று ஓடாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கிளியர்ஸ்கிரீனும் கெட்ச்சும் இல்லாமல் எப்படி?

கோனியோ என்ற ஹெடர் சி மொழியின் பகுதியே அல்ல, டாஸ் கம்பைலர்கள் தந்த கூடுதல் வசதி. லினக்ஸில் அது கிடையாது. விண்டோஸ் மின்ஜிடபிள்யூவில் அதே பெயரில் ஒரு ஹெடர் உண்டு, கெட்ச் அதில் வேலை செய்யும், திரையைத் துடைக்கும் ஃபங்ஷன் இல்லை.

இந்த இரண்டையும் எதற்குப் போட்டோம் என்று யோசித்துப் பாருங்கள். டர்போவில் முந்தைய ரன்னின் அவுட்புட் திரையிலேயே தங்கியிருக்கும், அதனால் துடைத்தோம். ரன் முடிந்ததும் நீலத் திரை வந்து அவுட்புட்டை மறைத்துவிடும், அதனால் ஒரு கீயை அழுத்தும்வரை நிறுத்தி வைத்தோம். கட்டளை தட்டும் டெர்மினலில் ஓட்டினால் இரண்டு தொல்லையும் இல்லை. கோட்பிளாக்ஸ் தானே நிறுத்தி வைக்கும். ஆகவே கோனியோ ஹெடர், கிளியர்ஸ்கிரீன், கெட்ச் என்ற மூன்று வரிகளையும் நீக்கிவிட்டால் போதும்.

கிராபிக்ஸ் லேப் இருக்கிறதே? கோடு, வட்டம் எல்லாம் வரைய வேண்டும்.

டர்போவை இன்னும் உயிரோடு வைத்திருப்பதில் இந்த லேப்புக்குப் பெரிய பங்கு உண்டு. போர்லாண்டின் கிராபிக்ஸ் ஹெடர் ஜிசிசியில் இல்லை. அதே ஃபங்ஷன் பெயர்களைப் பின்பற்றி எழுதப்பட்ட எஸ்டிஎல்-பிஜிஐ போன்ற திறமூல நூலகங்கள் இருக்கின்றன. ரெக்கார்டு நோட்டில் உள்ள புரோகிராமைப் பெரிதாக மாற்றாமல் ஓட்ட அவை உதவும். ஆர்வத்தினால் கற்பவராக இருந்தால் ரேலிப் பக்கம் போங்கள். சொந்தமாக விளையாட்டுகள் எழுதிப் பழகுவதற்கென்றே உருவான சி நூலகம் அது. பிரசென்ஹாம் கோடு வரையும் அல்காரிதம் எந்த நூலகத்திலும் ஒன்றுதான். ஒரு பிக்சலுக்கு நிறம் கொடுக்கும் ஒரு ஃபங்ஷன் இருந்தால் போதும்.

வைவாவில் இன்ட் 2 பைட் என்று சொல்வதா, 4 பைட் என்று சொல்வதா?

கம்பைலரின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். டர்போ சி-யில் 2, இன்றைய கணினிகளில் ஜிசிசியில் 4. சி தரநிலை குறைந்தபட்ச அளவை மட்டுமே விதிக்கிறது.

இது வெறும் வைவா சங்கதி அல்ல. ஃபேக்டோரியல் புரோகிராமை எடுத்துக்கொள்ளுங்கள். 2 பைட் இன்ட்டில் அடங்கும் மிகப்பெரிய எண் 32,767. ஏழின் ஃபேக்டோரியல் 5,040, சரியாக வரும். எட்டின் ஃபேக்டோரியல் 40,320, அடங்காது. டர்போ -25,216 என்று காட்டும். 40,320-லிருந்து 65,536-ஐக் கழித்தால் வருவது அது. ஜிசிசியில் பன்னிரண்டு வரை சரியாக வரும், பதின்மூன்றில் அதுவும் தடுக்கி விழும். இரண்டு கம்பைலரிலும் ஒரே புரோகிராமை ஓட்டிப் பார்த்தால், ஒரு வகுப்பு முழுக்கச் சொல்லியும் புரியாத விஷயம் ஐந்து நிமிடத்தில் புரியும். டர்போவுக்கு நான் விட்டுவைக்கிற ஒரே உபயோகம் இது.

'ஐ++ + ++ஐ' விடை என்ன? எனக்கு ஒன்று வருகிறது, புத்தகத்தில் வேறு இருக்கிறது.

விடை கிடையாது. ஒரே கோவைக்குள் ஒரே மாறியை இரண்டு முறை மாற்றினால் என்ன நடக்கும் என்று சி தரநிலை வரையறுக்கவில்லை. ஒவ்வொரு கம்பைலரும் தன் விருப்பப்படி செய்யும், எல்லாமே சரி. எச்சரிக்கைகளை இயக்கி வைத்தால் ஜிசிசியே இந்த வரியைச் சுட்டிக்காட்டி, விளைவு வரையறுக்கப்படாததாக இருக்கலாம் என்று சொல்லும். கேள்வித்தாளில் வந்தால் என்ன செய்வது? உங்கள் ஆசிரியர் எதிர்பார்ப்பதை எழுதிவிட்டு, வேலைக்குப் போனபின் அப்படி ஒரு வரியை எழுதாமல் இருங்கள்.

அந்த எச்சரிக்கைகளை எப்படி இயக்குவது?

கம்பைல் கட்டளையில் ஒரு கழித்தல் குறி, ஒட்டியே பெரிய டபிள்யூ, அப்புறம் சிறிய எழுத்தில் 'ஆல்'. 'வால்' என்று சொல்வார்கள். கோட்பிளாக்ஸில் கம்பைலர் அமைப்புகளில் டிக் செய்யும் கட்டமாகவே இருக்கும். இந்த ஒன்றை மட்டும் முதல் நாளே செய்துவிடுங்கள். இஃப் நிபந்தனைக்குள் இரட்டைச் சமக்குறிக்குப் பதில் ஒற்றைக் குறி போட்டது, மதிப்புக் கொடுக்காத மாறியைப் பயன்படுத்தியது, பிரிண்ட்எஃப்பில் தசம எண்ணுக்கு முழு எண்ணின் குறியைப் போட்டது என்று புதியவர்களின் மாலைப்பொழுதுகளைத் தின்னும் பிழைகளில் கணிசமானவற்றை ஜிசிசி தானாகவே சொல்லிவிடும்.

எரர்களைப் படிக்க ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் எரரை மட்டும் பாருங்கள். அதைச் சரிசெய்து மறுபடி கம்பைல் செய்யுங்கள். ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனாலே கீழே ஐந்தாறு எரர்கள் தொடர்ந்து வரும், அவற்றைத் தனித்தனியாகத் துரத்திப் பயனில்லை. வரி எண் 12 என்று வந்தால் 11-ஐயும் பாருங்கள். அரைப்புள்ளி விட்டுப்போனது அங்கேயாக இருக்கலாம்.

'அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ் டு ஸ்கொயர்ரூட்' என்கிறது. மேத் ஹெடரைச் சேர்த்திருக்கிறேனே?

இது பெரும்பாலும் லினக்ஸில் வரும். ஹெடர் சொல்வது, இப்படி ஒரு ஃபங்ஷன் இருக்கிறது என்பதை மட்டும்தான். ஃபங்ஷனின் உடல் கணித நூலகத்தில் தனியாக இருக்கிறது. கட்டளையின் கடைசியில், கோப்புப் பெயருக்குப் பிறகு, கழித்தல் குறியோடு சிறிய 'எல்', 'எம்' என்ற இரண்டு எழுத்துகளைச் சேருங்கள். முன்னால் போட்டால் பல நேரம் வேலை செய்யாது.

இங்கிருந்து ஒரு நல்ல பாடம் தொடங்குகிறது. கம்பைல் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் நான்கு வேலை. ஹெடர்களை விரித்து ஒட்டுவது, சி-யை அசெம்பிளியாக மாற்றுவது, அதை இயந்திரக் குறியாக்குவது, கடைசியில் நூலகங்களோடு இணைப்பது. மேலே வந்த எரர் நான்காவது கட்டத்தில் வந்தது, அதனால்தான் அதில் வரி எண்கூடச் சரியாக இருக்காது. ஜிசிசியிடம் 'சேவ்-டெம்ப்ஸ்' என்ற விருப்பத்தைக் கொடுத்தால் இடையில் உருவாகும் கோப்புகளை அழிக்காமல் வைக்கும். ஐந்து வரி வணக்கம் சொல்லும் புரோகிராம் முதல் கட்டத்தில் சில நூறு வரிகளாக வீங்கியிருப்பதைத் திறந்து பாருங்கள். அடுத்த கோப்பில் உங்கள் ஃபார் லூப் அசெம்பிளியில் எப்படி ஆகியிருக்கிறது என்று தெரியும். இதையே பிரவுசரில் வண்ணம் பிரித்துப் பார்க்கக் 'கம்பைலர் எக்ஸ்ப்ளோரர்' என்ற திறமூலத் தளம் இருக்கிறது.

'செக்மென்டேஷன் ஃபால்ட்' வருகிறது. டர்போவில் இப்படி வந்ததே இல்லை.

வராமல் இருந்தது நல்லதல்ல. டாஸில் நினைவகத்துக்குக் காவல் கிடையாது. உங்கள் பாயிண்டர் வேறு யாருடைய இடத்தில் எழுதினாலும் புரோகிராம் பாட்டுக்கு ஓடும், தவறு மறைந்தே கிடக்கும். லினக்ஸ் அப்படி விடாது, நிறுத்திவிடும்.

எந்த வரியில் தவறு என்று பார்க்க, லினக்ஸில் கம்பைல் செய்யும்போது 'அட்ரஸ் சானிடைசர்' விருப்பத்தைச் சேருங்கள், கூடவே டீபக் தகவலுக்கான சிறிய 'ஜி'. ஐந்து இடம் உள்ள அரேயில் ஆறாவது இடத்தில் எழுதினால், எந்தக் கோப்பில் எந்த வரி என்று அச்சிட்டுவிட்டு நிற்கும். விண்டோஸின் மின்ஜிடபிள்யூ ஜிசிசியில் இந்த வசதி இல்லை. பாயிண்டர்களும் லிங்க்டு லிஸ்ட்டும் வரும் செமஸ்டரில் லினக்ஸுக்கு, அல்லது விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸைத் தரும் டபிள்யூஎஸ்எல்லுக்கு மாற இது ஒன்றே போதுமான காரணம்.

இலவசமாகக் கிடைப்பதெல்லாம் ஓப்பன் சோர்ஸ்தானா?

இல்லை. டர்போ சி 2.01 போன்ற சில பழைய பதிப்புகளை போர்லாண்ட் பிற்காலத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ள விட்டது. மூல நிரலைத் தரவில்லை, மாற்றும் உரிமையையும் தரவில்லை. விஎஸ் கோட் இன்னொரு மாதிரி. அதன் மூல நிரல் எம்ஐடி உரிமத்தில் திறந்தே இருக்கிறது. ஆனால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நாம் இறக்கும் கோப்புக்கு அவர்களின் தனி உரிமம். முழுக்கத் திறமூலமாகவே வேண்டும் என்பவர்களுக்கு அதே நிரலிலிருந்து கட்டப்படும் விஎஸ்கோடியம் உண்டு. ஜிசிசி, கோட்பிளாக்ஸ் இரண்டும் ஜிபிஎல் உரிமத்தில் வருபவை. பயன்படுத்தலாம், உள்ளே படிக்கலாம், மாற்றலாம், நகலெடுத்து நண்பருக்கும் தரலாம்.

ஜிசிசியில் கம்பைல் செய்தால் என் புரோகிராமையும் ஜிபிஎல்லில் வெளியிட வேண்டுமாமே?

வேண்டாம். உங்கள் புரோகிராம் உங்களுடையது. விற்கலாம், மூல நிரலைத் தராமலும் இருக்கலாம். கம்பைல் செய்யும்போது ஜிசிசியின் சிறு நூலகப் பகுதிகள் உங்கள் கோப்பில் கலக்கின்றன என்பது உண்மைதான். அதற்காகவே ஒரு விதிவிலக்கை உரிமத்தில் தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஜிசிசி கம்பைலரையே, மாற்றியோ மாற்றாமலோ, பிறருக்கு வழங்கினால்தான் அதன் மூல நிரலைத் தர வேண்டும்.

பிளஸ் 2-வில் பைத்தான் படிக்கிறேன். எனக்கு எது?

பைத்தானே கட்டற்ற மென்பொருள். பைத்தான் தளத்திலிருந்து இறக்கினால் ஐடில் என்ற எடிட்டரும் கூடவே வரும், பாடத்துக்கு அது போதும். லூப் ஓடும்போது ஒவ்வொரு மாறியும் எப்படி மாறுகிறது என்று பார்க்க ஆசைப்பட்டால் தானி என்ற எடிட்டரைப் போடுங்கள். எஸ்தோனியாவின் டார்டு பல்கலைக்கழகத்தில் புதியவர்களுக்காகவே உருவானது. ஒவ்வொரு கோவையும் கணக்கிடப்படுவதைப் படிப்படியாகக் காட்டும்.

உங்கள் பாடநூலில் பைத்தானிலிருந்து சி++ புரோகிராமைக் கம்பைல் செய்து ஓட்டும் பாடம் ஒன்று இருக்கிறது. அது ஓடவில்லை என்றால் பைத்தானைச் சந்தேகிக்க வேண்டாம். மின்ஜிடபிள்யூ பாத்தில் இருக்கிறதா என்று மேலே சொன்னபடி பாருங்கள். எஸ்க்யூலைட் பாடத்துக்குத் தனியாக எதையும் போட வேண்டியதில்லை, பைத்தானோடு வந்துவிடும்.

ஜாவாவுக்கு? மேட்லாபுக்கு?

ஜாவாவுக்கு ஓப்பன்ஜேடிகே. எக்லிப்ஸ் டெமுரின் என்ற பெயரில் எளிதாக இன்ஸ்டால் செய்யக் கிடைக்கும். மேட்லாபுக்குப் பதில் ஜிஎன்யூ ஆக்டேவ். லேப் மேனுவலில் உள்ள அடிப்படைக் கணக்குகளும் வரைபடங்களும் பெரும்பாலும் அப்படியே ஓடும். கட்டங்களை இணைத்து மாதிரிகள் உருவாக்கும் சிமுலிங்க் மட்டும் அதில் இல்லை. அதற்கு நெருக்கமானது சைலாப் மென்பொருளோடு வரும் எக்ஸ்காஸ்.

பழைய அரசு மடிக்கணினிதான் இருக்கிறது. போதுமா?

சி கற்க அது தாராளம். அந்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு, மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. டெபியன் வழி வந்தது என்பதால் கருவிகளைப் போடும் முறையும் அதேதான். பழைய பதிப்பாக இருந்தால், எல்எக்ஸ்கியூடி அல்லது எக்ஸ்எஃப்சிஇ திரைச்சூழல் கொண்ட புதிய லினக்ஸ் ஒன்றை மாற்றிப் போடலாம். விஎஸ் கோட் மூச்சு வாங்கும். ஜீனி என்ற சிறிய எடிட்டர் லேசாக ஓடும்.

கணினியே இல்லை, ஃபோன் மட்டும் இருக்கிறது.

ஆண்ட்ராய்டில் டெர்மக்ஸ் என்ற திறமூலச் செயலி ஒரு சிறிய லினக்ஸ் டெர்மினலைத் தரும். எஃப்-டிராய்டு என்ற களஞ்சியத்திலிருந்து இறக்குங்கள். உள்ளே கிளாங், பைத்தான் இரண்டையும் ஒவ்வொரு வரிக் கட்டளையில் போடலாம், பிறகு நெட் இல்லாமலும் ஓடும். தொடுதிரையில் அடைப்புக்குறிகள் தட்டுவது பொறுமையைச் சோதிக்கும். ஓடிஜி ஒயர் வழியாக ஒரு சாதாரண கீபோர்டைச் செருகினால் பிரச்சினை தீரும்.

புரோகிராமில் தமிழ் எழுத்துகளைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. பைத்தான் 3-ல் மாறிகளுக்கே தமிழில் பெயர் வைக்கலாம். எழுத்துகளை எண்ணும்போது மட்டும் கவனம் தேவை. 'தமிழ்' என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து. பைத்தானின் நீளம் கேட்கும் ஃபங்ஷன் 5 என்று சொல்லும், ஏனென்றால் இகரக் குறியையும் புள்ளியையும் அது தனியாக எண்ணுகிறது. சி-யில் யூடிஎஃப்-8 எழுத்துக்கோவையாக வைத்து நீளம் கேட்டால் 15 வரும். அங்கே எண்ணப்படுவது பைட்டுகள், இந்த ஐந்து குறிகளில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட். நாம் எண்ணுவதுபோல 3 வேண்டுமானால் ஓப்பன்-தமிழ் என்ற திறமூலப் பைத்தான் நூலகம் இருக்கிறது. கட்டளைச் சொற்களே தமிழில் உள்ள மொழி வேண்டும் என்பவர்களுக்கு 'எழில்' உண்டு. அதில் அச்சிடும் கட்டளை 'பதிப்பி'. பள்ளிப் பிள்ளைகளுக்கு லூப் என்றால் என்ன என்று காட்ட அது நன்றாக உதவும். வேலைக்கென்று படிப்பவர் பைத்தானுக்கு வந்துதான் ஆக வேண்டும்.

தமிழில் சொல்லித்தருகிறவர்கள் யார்? சந்தேகம் வந்தால் எங்கே கேட்பது?

ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் சி, சி++, லினக்ஸ், பைத்தான் பற்றிய சிறு காணொளிகள் தமிழ்க் குரலில் இலவசமாக உள்ளன. பார்த்துக்கொண்டே கூடவே தட்டிப் பழகும்படி செய்திருக்கிறார்கள். கணியம் தளத்தில் கட்டற்ற மென்பொருள்கள் பற்றித் தமிழில் கட்டுரைகளும் மின்னூல்களும் கிடைக்கும். நேரில் ஆட்களைப் பார்க்க வேண்டும் என்றால் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. சென்னையில் ஐலக்-சி, காஞ்சிபுரத்தில் காஞ்சிலக், விழுப்புரத்தில் விஜிலக். கட்டணம் கிடையாது, மாணவர்களுக்குக் கதவு திறந்தே இருக்கும்.

கேட்கும்போது "ஓடலை, ஹெல்ப் பண்ணுங்க" என்று மட்டும் அனுப்பாதீர்கள். எந்த இயங்குதளம், ஜிசிசியின் எந்தப் பதிப்பு, தட்டிய கட்டளை, வந்த முதல் எரரின் முழு வரி, இந்த நான்கையும் எழுத்தாக நகலெடுத்து ஒட்டுங்கள். ஃபோனில் எடுத்த திரையின் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் படித்துப் பதில் சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது.